பால், தயிர், நெய் இல்லாமல் பதினைந்து பேருக்கு ஞாயிறு காலை விருந்து: யோசனை சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை_மாடிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஆடி மூன்றாவது ஞாயிறு எங்கள் வீட்டுக்குப் பதினைந்து பேர் வருகிறார்கள். பெங்களூரிலிருந்து நாத்தனார் குடும்பம், பெரம்பூரிலிருந்து பெரியம்மாவும் அவர் பிள்ளைகளும். பத்தரை மணிக்கு வந்து சேர்வார்கள், இரண்டு மணிக்கு மேல் யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் காலை டிபன், மதியச் சாப்பாடு என்று இரண்டாகப் பிரிக்காமல், ஒரே பந்தியாக மொட்டை மாடியில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

விஷயம் என்னவென்றால் நாத்தனாரின் சின்னப் பையனுக்குப் பால் ஆகாது. ஐந்து வயது. தயிர் பட்ட கரண்டியால் சாம்பார் பரிமாறினாலே உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்பு வந்துவிடும். என் மாமியாருக்கும் பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும், ஆனால் அவர் நெய் சாப்பிடுவார், மோர் கொஞ்சம் குடிப்பார். இரண்டும் ஒரே பிரச்சினையா, வேறு வேறா என்பது எனக்குப் புரியவில்லை.

பெரியம்மா ஆடி முடியும் வரை கவுச்சி தொடமாட்டார். நாத்தனார் வீட்டிலும் பாதிப்பேர் சைவம். ஆனால் பெரம்பூர் தம்பிகள் காசிமேட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து மீன் சாப்பிடாமல் போகமாட்டார்கள், அவர்களையும் ஏமாற்ற மனமில்லை.

முதலில் பூரி கிழங்கு, வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி, சேமியா பாயசம், காபி என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் கிழங்கைத் தவிர எல்லாவற்றிலும் பாலோ தயிரோ நெய்யோ வந்து நிற்கிறது. பாதாம் பால், ஓட்ஸ் பால் பாக்கெட் எல்லாம் பதினைந்து பேருக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. இரண்டு அடுப்பு கேஸ் ஸ்டவ், ஒரு கரண்ட் குக்கர், ஒரு பெரிய இட்லிக் குண்டான், இவ்வளவுதான் என் சமையலறை. என்ன செய்யலாம்?

ராயபுரம்_ரேழி:

பூரியில் பால் எங்கே வருகிறது? கோதுமை மாவு, உப்பு, தண்ணீர், எண்ணெய், அவ்வளவுதானே. ஆனால் பதினைந்து பேருக்குச் சுடச்சுடப் பூரி போட்டால் நீங்கள் அடுப்பை விட்டு நகரவே முடியாது, அதனால் அதை விட்டுவிடுங்கள். பிரியாணியையும் விடுங்கள். தயிர் இல்லாமல் தக்காளியும் எலுமிச்சையும் வைத்துச் செய்யலாம்தான், ஆனால் கூடவே பச்சடி எங்கே என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள், பதில் சொல்லி மாளாது.

பாலுக்குப் பதில் என்ன என்று தேடுவதை விட்டுவிட்டு, பாலே தேவைப்படாத நம் பலகாரங்களை முதலில் எழுதிப் பாருங்கள் சகோதரி. இட்லி, இடியாப்பம், மெதுவடை, மசால் வடை, சாம்பார், தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி, வடகறி, புளியோதரை, எலுமிச்சை சாதம், சுண்டல். இதில் எதற்காவது பால் வேண்டுமா? எதையோ குறைத்துச் சமைத்தது போல யாருக்கும் தோன்றாது, நாத்தனாரும் தன் பிள்ளையால் எல்லோருக்கும் சங்கடம் என்று கூச்சப்படமாட்டார். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

என் யோசனை இடியாப்பமும் வடகறியும். இடியாப்பத்தை நீங்கள் பிழிய வேண்டாம். காலையில் சைக்கிளில் வருகிறவரிடம் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லி வைத்தால் எத்தனை வேண்டுமானாலும் கொண்டுவந்து தருவார். ஆளுக்கு நான்கு என்று கணக்கு வைத்து அறுபது வாங்குங்கள். அரிசி மாவு, உப்பு, எண்ணெய் தவிர வேறு ஏதாவது சேர்க்கிறாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

வடகறிக்குக் கடலைப்பருப்பை ஊறவைத்துச் சோம்பு, காய்ந்த மிளகாய் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, சனிக்கிழமை சாயங்காலமே ஆவியில் வேகவைத்து உதிர்த்து எடுத்து வைத்துவிடலாம். ஞாயிறு காலை பட்டை, கிராம்பு, வெங்காயம், தக்காளி வதக்கி, தேங்காய் அரைத்து ஊற்றிக் கொதிக்கும்போது அதைப் போட்டால் அரை மணி நேரத்தில் முடிந்தது. உதிர்த்த பருப்பு குழம்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால் இறக்கும்போது நீங்கள் நினைப்பதை விடக் கொஞ்சம் தண்ணியாகவே இருக்கட்டும்.

குழந்தைகளுக்கு இடியாப்பத்தோடு இனிப்புத் தேங்காய்ப்பால். நான்கு பெரிய தேங்காய் போதும். துருவி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் பிழிந்து முதல் பாலைத் தனியாக வையுங்கள். இரண்டாம் பாலில் நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுச் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலை ஊற்ற வேண்டும். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து திரிந்து போகும். சனிக்கிழமையே எடுத்து வைக்க ஆசைப்படாதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் தேங்காய்ப்பால் வெளியே இருந்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். காலையில் பிழிந்து, முதல் பாலை ஐஸ் போட்ட குண்டானுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை_பிள்ளையின்_அம்மா:

என் மகளுக்கும் பால் ஆகாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மாமியாருடையதும் அந்தப் பையனுடையதும் வேறு வேறு. மாமியாருக்குப் பாலில் இருக்கும் சர்க்கரை, அதாவது லாக்டோஸ், செரிக்கவில்லை. அதைச் செரிக்கிற நொதி வயதாக ஆகப் பலருக்குக் குறைந்துவிடும். வயிறு உப்பும், வயிற்றுப்போக்கு வரும், ஆனால் ஆபத்து இல்லை. தயிரிலும் மோரிலும் அந்தச் சர்க்கரை ஓரளவு குறைந்துவிடுகிறது, நெய்யில் கிட்டத்தட்ட இல்லை, அதனால்தான் அவருக்கு ஒத்துக்கொள்கிறது. பையனுக்கு ஆகாதது பாலில் இருக்கும் புரதம். கேசின், வே என்று சொல்வார்கள். தயிரானாலும் மோரானாலும் பனீரானாலும் அந்தப் புரதம் அப்படியே இருக்கும். நெய்யிலும் மிச்சம் மீதி இருக்கும், அதனால் ‘நெய்தானே, ஒரு சொட்டு’ என்று யாரும் ஊற்றிவிடக் கூடாது. ஆட்டுப்பால் கொடுக்கலாமே என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதுவும் கூடாது. பசும்பால் புரதமும் ஆட்டுப்பால் புரதமும் ஒன்றுக்கொன்று நெருக்கம், பெரும்பாலான ஒவ்வாமைக் குழந்தைகளுக்கு இரண்டுமே ஆகாது.

அப்புறம் பால் ஒளிந்திருக்கும் இடங்கள். மோர் மிளகாய். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல் இவற்றையும் பல வீடுகளில் மோரில்தான் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சில வீட்டு வடாமில் புளிப்புக்காகத் தயிர் சேர்ப்பார்கள். கடை ரவா இட்லி மிக்ஸ், பிரட், பன், பிஸ்கட், மசாலா தூவிய சிப்ஸ் இவற்றில் பால் பவுடர் இருக்கலாம். பரோட்டா மாவில் பால் ஊற்றிப் பிசைகிற கடைகள் உண்டு. சௌகார்பேட்டையிலிருந்து யாராவது ஆசையாக ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வருவார்கள், அதில் முக்கால்வாசி நெய்யும் கோவாவும்தான். வருகிறவர்களிடம் முன்கூட்டியே போன் செய்து, ஏதாவது வாங்கி வருவதானால் பழமோ கடலை மிட்டாயோ வாங்கி வரச் சொல்லிவிடுங்கள்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருப்பதை நம்பாதீர்கள். அது சைவம் என்பதற்கு மட்டும்தான் அடையாளம், பால் சைவக் கணக்கில்தான் வரும். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ஒவ்வாமைக் குறிப்பைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பால் சேர்ந்திருந்தால் அதை அங்கே குறிப்பிட வேண்டும்.

பாத்திரத்தில்தான் எனக்கு அதிக பயம். நெய் தடவிப் பழகிய தோசைக்கல், இட்லித்தட்டு, மோர் கடையும் மத்து, லஸ்ஸி அடித்த மிக்ஸி ஜார் இவற்றைக் கவனியுங்கள். மிக்ஸி மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள், அடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, அந்த வாரம் முழுக்க அந்த ஜாரில் பால் சம்பந்தப்பட்ட எதையும் அடிக்காதீர்கள். மர மத்து, மரக் கரண்டி எல்லாம் அன்றைக்கு வெளியே வரவே வேண்டாம்.

முந்திரி, வேர்க்கடலை, எள், தேங்காய் இவையெல்லாம் அவனுக்கு ஆகுமா என்று நாத்தனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் அவசரத்துக்கு மருந்து கொடுத்திருந்தால் அதை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். அன்று காலை வீட்டில் ஒரு பாக்கெட் பால்கூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. பதினைந்து டம்ளர் மாடியில் சுற்றும்போது எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

பெரம்பூர்_லோகோ:

மேலே சகோதரி சொன்னதில் எல்லாம் சரி, பாலே வீட்டில் கூடாது என்பதை மட்டும் யோசிக்க வேண்டும். வயதானவர்கள் வருகிறார்கள். பத்தரை மணிக்கு ஒரு வாய் காபி இல்லை என்றால் பெரியம்மாவுக்குத் தலை வலிக்கும். கீழே சமையலறையில் காபி குடித்துவிட்டு டம்ளரை அங்கேயே கழுவி வைத்துவிட்டு மாடிக்கு ஏறட்டும், மேலே மட்டும் பால் வேண்டாம் என்று வைத்தால் போதாதா?

இன்னொன்று. வடகறியில் தேங்காய், சட்னியில் தேங்காய், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால், பாயசத்திலும் தேங்காய்ப்பால் என்றால் சாப்பிட்டு எழுந்ததும் எல்லோருக்கும் நெஞ்சு கரிக்கும். தேங்காய்ப்பாலை ஒரே ஒரு இடத்தில் வையுங்கள். சட்னியைக் காரச் சட்னியாகவோ புதினாத் துவையலாகவோ மாற்றிவிடுங்கள்.

எங்கள் பக்கத்து ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் மஞ்சள் போட்டுத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கிற சாதம் செய்வார்கள், கறி உருண்டைக் குழம்பு அதற்கு ஜோடி. இடியாப்பம் கிடைக்காமல் போனால் அந்தச் சாதம் நல்ல மாற்று. கறி உருண்டைக்குப் பதில் பருப்பு உருண்டைக் குழம்பு வைத்தால் சைவமாகவும் ஆகிவிடும். சாதத்தில் நெய் ஊற்றாமல் கடலை எண்ணெயில் தாளியுங்கள்.

ஒவ்வாமை_பிள்ளையின்_அம்மா:

லோகோ அண்ணா, பெரியவர்கள் கஷ்டப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை மாடியிலேயே உட்கார்ந்திருக்கமாட்டான், கீழே ஓடுவான், தாகம் எடுத்தால் கைக்கு அகப்பட்ட டம்ளரை எடுத்துக் குடிப்பான். காபி வேண்டியவர்கள் கிளம்பும் முன் வீட்டிலேயே குடித்துவிட்டு வரட்டும், இல்லையென்றால் தெருமுனை டீக்கடையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வரட்டும். வீட்டில் எல்லோருக்கும் சுக்குக் காபி போடுங்கள். சுக்கு 25 கிராம், மல்லி விதை 50 கிராம், ஒரு ஸ்பூன் மிளகு, நாலு ஏலக்காய், இடித்துக் கொதிக்கவிட்டுக் கருப்பட்டி கரைத்து ஊற்றினால் பதினைந்து சின்ன டம்ளருக்கு வரும். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், அடியில் மண் தங்கும்.

சோயா பால் வாங்கி டிகாஷனில் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கவனம். டிகாஷனில் புளிப்பு உண்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சோயா பால் திரிந்து திப்பித்திப்பியாக மிதக்கும். டிகாஷன் கொஞ்சம் ஆறிய பிறகு, சூடாக்கிய சோயா பாலில் அதை மெதுவாக ஊற்றினால் ஓரளவு நிற்கும்.

வியாசர்பாடி_அத்தோ:

வடசென்னையில் விருந்து வைத்துக்கொண்டு அத்தோவை, அதாவது பர்மா நூடுல்ஸ் கலவையை, யாரும் சொல்லவில்லையே! பர்மாவிலிருந்து அறுபதுகளில் திரும்பி வந்த குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. எங்கள் பாட்டி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அத்தோதான். பாரிமுனையில் பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டியில் சாப்பிட்டிருப்பீர்கள். அதில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கும், தட்டில் கலப்பது மட்டும்தான் வேலை, அதனால் உங்கள் இரண்டு அடுப்புக்குச் சரியாக இருக்கும்.

இரண்டு கிண்ணம் எண்ணெயில் மெல்லியதாக நறுக்கிய வெங்காயத்தைச் சின்னத் தீயில் வறுத்து மொறுமொறுப்பாக எடுத்துவிடுங்கள், அதே எண்ணெயில் பூண்டையும் வறுத்து எடுங்கள். எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், மணம் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒரு கிலோ நூடுல்ஸை உப்புப் போட்டு வேகவைத்து வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, அந்த எண்ணெய் கொஞ்சமும் மஞ்சள் தூளும் போட்டுப் பிசறி ஆறவையுங்கள். கடை வண்டியில் ஆரஞ்சு கலர் போடுவார்கள், வீட்டில் அது தேவையில்லை. பரிமாறும்போது ஒரு கிண்ணத்தில் நூடுல்ஸ், நூலாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு, நொறுக்கிய தட்டை, வறுத்த கடலை மாவு ஒரு ஸ்பூன், புளித்தண்ணீர், இடித்த மிளகாய், உப்பு, கொத்தமல்லி, அரை மூடி எலுமிச்சை. கையால் பிசைய வேண்டும், கரண்டியால் கிண்டினால் ஒட்டாது. பக்கத்தில் மிளகு தூக்கலாக வாழைத்தண்டு சூப். குழந்தைகளுக்கு மிளகாயைக் குறைத்துத் தட்டையை அதிகமாகப் போட்டுக் கொடுங்கள், சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள்.

நூடுல்ஸ் வாங்கும்போது முட்டை சேராததா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெரியம்மாவுக்காக. தட்டையைக் கடையில் வாங்காமல் வீட்டில் எண்ணெயில் சுட்டால் இன்னும் நிம்மதி, சில கடைகளில் மாவில் வெண்ணெய் சேர்த்துப் பிசைவார்கள்.

காசிமேடு_காலை:

மீனுக்கு மட்டும் சொல்கிறேன். நெத்திலி வாங்குங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் ஆறு பேர் என்றால் ஒன்றரைக் கிலோ, தலையும் குடலும் எடுத்த பிறகு குறைந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரம், ஆடியில் மீன் வரத்து இருக்கும். ஞாயிறு காலை மட்டும் விலை ஏறும், கூட்டத்தில் நகர முடியாது. சனிக்கிழமை விடியற்காலை வாங்கிச் சுத்தம் செய்து ஃப்ரீஸரில் போட்டுவிடுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை, அரிசி மாவு போதும். தயிரில் ஊறவைக்கிற பழக்கம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். கடைசியாக, எல்லாச் சைவமும் மாடிக்குப் போன பிறகு, தனிக் கடாயில் வறுத்து மாடியின் மறுகோடியில் வையுங்கள். அந்தக் கரண்டி இந்தப் பக்கம் வரக் கூடாது.

கொருக்குப்பேட்டை_வாசல்:

ஆடி ஞாயிறு என்கிறீர்கள், கூழ் இல்லாமலா? அம்மன் கோயில் கூழ் அன்றைக்குத் தெருவெல்லாம் ஊற்றுவார்கள், ஆனால் அதில் மோர் கலந்திருக்கலாம், பையனுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டிலேயே காய்ச்சுங்கள். கேழ்வரகு மாவு அரைக் கிலோ, வெள்ளி ராத்திரி தண்ணீரில் கரைத்துப் புளிக்கவிடுங்கள். சனி சாயங்காலம் கால் கிலோ நொய் வேகவைத்து, அது குழைந்ததும் புளித்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி மூடி வைத்துவிட்டு, காலையில் கையால் கரைத்து உப்பும் நீராகாரமும் ஊற்றுங்கள். மாவு புளித்த புளிப்பும் நீராகாரத்தின் புளிப்புமே போதும், மோரின் இடம் காலியாகத் தெரியாது. வெயிலில் மாடி ஏறி வருகிறவர்கள் கையில் முதலில் ஒரு சொம்பு கூழ், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மாங்காய் ஊறுகாய், முருங்கைக்கீரைப் பொரியல். நெத்திலி சாப்பிடுகிறவர்களுக்கு அதற்கு மேல் வேறு எதுவும் வேண்டியிருக்காது.

தண்டையார்பேட்டை_மாடிவீடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மோர் மிளகாயும் வற்றலும் நான் நினைத்தே பார்க்காத இடம், அதற்குத் தனியாக நன்றி. நாத்தனாரிடம் போனில் பேசினேன். தேங்காய், முந்திரி, கடலை எல்லாம் பையன் சாப்பிடுவானாம். அவசர மருந்து எப்போதும் பையிலேயே இருக்கிறதாம். இவ்வளவு விவரமாக யாரும் கேட்டதில்லை என்று சொன்னார்.

இப்படி முடிவு செய்திருக்கிறேன். வந்ததும் கூழ். பிறகு இடியாப்பம், வடகறி, புதினாத் துவையல், குழந்தைகளுக்குத் தேங்காய்ப்பால். அத்தோவை மாடியில் தம்பிகளையே பிசையச் சொல்லப் போகிறேன், வேலையும் மிச்சம், அவர்களுக்கும் பொழுது போகும். நெத்திலி கடைசியில். வாழைத்தண்டு சூப்பையும் பாயசத்தையும் விட்டுவிட்டேன், இனிப்புக்கு வாழைப்பழம் பிசைந்த வெல்லக் குழிப்பணியாரம், எண்ணெயில் சுட்டது. காபி விஷயத்தில் ஒவ்வாமைப் பிள்ளையின் அம்மா சொன்னபடிதான், அன்று காலை வீட்டில் பால் கிடையாது. பெரியம்மாவிடம் சொல்லியாயிற்று, ‘பிள்ளைக்காகத்தானே’ என்று உடனே ஒப்புக்கொண்டார்.

ஒரே ஒரு கேள்வி. வெண்பொங்கல் இல்லாமல் மாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார். நெய் இல்லாத பொங்கல் களி போல ஆகிவிடாதா?

ராயபுரம்_ரேழி:

ஆகாது. அரைக் கிலோ பச்சரிசிக்கு 200 கிராம் பாசிப்பருப்பு, பருப்பை வாசனை வரும்வரை வறுத்துவிடுங்கள், நெய் மணம் இல்லாத குறையைப் பாதி அதுவே தீர்க்கும். அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு ஐந்து மடங்கு தண்ணீர் வைத்துக் குழைய வேகவையுங்கள். பாதி நல்லெண்ணெய், பாதி தேங்காய் எண்ணெய் எடுத்துக் காயவைத்து, முந்திரியைப் பொன்னிறமாக வறுத்து, மிளகை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து எல்லாவற்றையும் சூட்டோடு கொட்டிக் கிளறுங்கள். நல்லெண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தாளிக்க வேண்டும், பச்சை வாசனை இருந்தால் மாமியார் கண்டுபிடித்துவிடுவார். பரிமாறும்போது இறுகியிருந்தால் வெந்நீர் தெளித்து இளக்குங்கள். அவருக்குத் தனியாக நெய் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் அதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.